சல்லித் தண்ணீர்

என் வீட்டு முன்னறையில் ஒரு கடல் வளர்ப்பது என்று நான் முடிவெடுத்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில். போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதி ஒரு வருடமாகியிருந்தது. சண்டை நின்றுவிட்டது என்றார்கள். காவலரண்கள் மட்டும் அந்தச் செய்தியைக் கேள்விப்படாதவை மாதிரி அதே இடங்களில் நின்றன. திருகோணமலையில் இருந்துகொண்டு கடலை ஆசைதீரப் பார்க்க ஏலாது. நான் கடலிடம் நிம்மதியாகப் போய் இருக்க ஏலாதென்றால் கடல் என்னிடம் வரட்டும் என்று நினைத்தேன்.

ஸுஹைர் என்று எனக்கொரு சிநேகிதன். அழகுமீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரம். அவன்தான் ஆள் நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உயிருள்ள பவளக் கற்கள், வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன்கள் இரண்டு, கண்ணாடி போன்ற இறால்கள், பாசி தின்னும் நத்தைகள் எல்லாம் தந்தான். தண்ணீர் என் பொறுப்பு. எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை. வேலை விட்டுச் சைக்கிளில் வரும்போது இறங்குதுறைப் படியில் பிளாஸ்டிக் கானை அமுக்கினால் நிரம்பிவிடும்.

என் மனைவி யோகமலர் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல் கிடக்குது. நடுவிலை மூண்டாவது என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

 நான் சிரித்துவைத்தேன்.

முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு பவளங்கள் கோபக்காரன் கை மாதிரிப் பொத்திக்கொண்டன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. இறால்கள் சரிந்து படுத்தன. மீன்கள் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் சந்தோஷமாகத் திரிந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கெட்டதென்றால் எல்லாம் சாகவேண்டும். நல்லதென்றால் எல்லாம் இருக்கவேண்டும். பாதி செத்துப் பாதி விளையாடினால் அது என்ன தண்ணீர்?

ஸுஹைர் வந்து ஒரு சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஏதோ சொட்டு மருந்து விட்டான். தண்ணீர் நீலமாகியது.

"செம்பு அண்ணன்," என்றான். "மீன் தாங்கும். எலும்பில்லாத உயிருகள் தாங்காது. அதுகள் சாகத் தூசியளவு காணும்."

கண்ணுக்கும் தெரியாது, மூக்கும் கண்டுபிடிக்காது என்றான். சிரட்டைக்கரியைக் கழுவித் துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டால் கொஞ்சம் இழுக்கும். பழைய தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றவேண்டும். ஆனால் செம்பு எங்கிருந்து வருகிறதென்று பிடிக்காமல் எது செய்தும் பிரயோசனமில்லை.

எங்கிருந்து வருகிறதென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குசினியிலிருந்துதான். அங்கே செம்புக் குடம் இருந்தது, பித்தளைக் குத்துவிளக்கு இருந்தது, யோகமலரும் இருந்தாள். இனி முன்னறைப் பக்கம் உலோகம் வரப்படாது என்று அறிவித்தேன். அவள் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பிடிக்கவில்லை.

"செம்பு மட்டுமோ, எல்லா உலோகமுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம்," என்றேன், ஒரு மந்திரியைப் போல.

அடுத்த நாள் வேலையால் வர, முன்னறையில் நிறுத்துகிற என் மோட்டார் சைக்கிள் முருங்கை மரத்தின் கீழே பொலித்தீன் போர்த்திக்கொண்டு நின்றது. நான் மத்தியானம் சரிகிற இரும்புக் கட்டில் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில். சாவி, திருப்புளி கிடந்த ஆயுதப்பெட்டியும் மேசைக் காற்றாடியும் கொட்டிலுக்குள். தேத்தண்ணி கேட்டேன். கேத்தல் அலுமினியம், ஆவி தொட்டிக்குப் போகும் என்று சொல்லி மண்சட்டியில் அவித்த மல்லித்தண்ணி தந்தாள். அவளுடைய குடமும் விளக்கும் குசினியிலேயே இருந்தன. குசினி முன்னறை இல்லையாம். நான் போட்ட சட்டத்தை நானே திரும்பப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அப்படியும் இறால்கள் செத்தன.

ஸுஹைர் மறுபடியும் வந்தான். நான் செத்த நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால், முதலில் குசினியில் யோகமலரோடு கதைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். தண்ணீர் எங்கே அள்ளுகிறீர்கள் என்று கேட்டான். இறங்குதுறையில் என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கப்பல்களின் அடியில் சிப்பியும் நத்தையும் பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பெயின்ற் பூசுவார்களாம். அது துறைமுகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்குமாம்.

"நத்தை ஒட்டக்கூடாதெண்டு பூசுறதை நத்தைக்கே ஊத்தியிருக்கிறீங்க அண்ணன்."

பிறகு எங்கே அள்ளுவது என்று கேட்டேன். ஸுஹைர் ஒருமுறை குசினிப் பக்கம் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"சல்லி," என்றான்.

சல்லி நகரத்துக்கு வடக்கே உள்ள மீன்பிடிக் கிராமம். யோகமலரின் தங்கை இலட்சுமியைக் கட்டிக்கொடுத்த இடம். மோட்டார் சைக்கிளில் ஓடினால் அரைமணித்தியாலம். நாங்கள் போய் நாலு வருடம். யோகமலர் கேட்கும்போதெல்லாம் நான் நிலைமை சரியில்லை என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கமுடியாத பதில் அது. உண்மையில், காவலரணில் இறங்கி மோட்டார் சைக்கிளை உருட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இப்போது பவளங்கள் செத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை கான்களைக் கட்டினேன். கானைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று சொல்லி யோகமலர் பின்னால் ஏறிக்கொண்டாள்.

இலட்சுமி முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் உப்புக் கையோடு அப்படியே நின்றாள்.  ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கான்களைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது காவலரணில் புதிதாக ஒரு சிப்பாய். எங்கிருந்து வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சல்லி என்றேன். சிங்களத்தில் சல்லி என்றால் காசு. நான் கைலஞ்சம் தரப்பார்க்கிறேன் என்று நினைத்து அவன் முகம் சிவந்தது. கானுக்குள் என்ன என்றான். கடல்தண்ணீர் என்றேன். கடலோரத்துக்காரன் கடல்தண்ணீரை ஏன் காவிக்கொண்டு திரிகிறான் என்று அவனுக்கு விளங்கவில்லை. இந்தத் தண்ணீரில் உலோகம் இல்லை என்று விளக்கினேன். அதுவரை அவன் உலோகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இப்போது கானைவிட்டு இரண்டடி பின்னால் போய்த் துவக்கைச் சரிசெய்தான். எனக்கு வேர்த்தது. தெரிந்த சிங்களம் முழுக்க மறந்தது.

யோகமலர் மெல்ல இறங்கினாள். முழங்காலைப் பிடித்து முகத்தைச் சுளித்தாள். கானைக் காட்டினாள், முழங்காலைக் காட்டினாள், ஊற்றித் தேய்ப்பதுபோல் கையால் செய்தாள். சிப்பாயின் முகம் இளகியது. தன் அம்மாவுக்கும் இப்படித்தான் என்றான். அவிழ்ந்திருந்த கயிற்றைத் தானே கட்டிவிட்டான். கிழமைக்கொருமுறை வந்து எடுத்துப்போகச் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த முழங்கால் இல்லாமல் அந்த வழியால் ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவர ஏலாமல் போனது. ஞாயிறுதோறும் போனோம். படகுகள் எல்லாம் கரையேறிய பிறகு, பின்னேரம்தான் தண்ணீர் தெளிவு என்று யோகமலர் சொன்னாள். அதுவரை அக்காளும் தங்கையும் குசினியில் கதைப்பார்கள். நான் சூடைமீன் தீயல் சாப்பிட்டுவிட்டுப் பூவரச நிழலில் படுப்பேன். தொட்டியில் பவளங்கள் விரிந்தன. ஸுஹைரின் சொட்டு மருந்துக்குத் தண்ணீர் நீலமாகவில்லை. புதிதாக விட்ட இறால்கள் நடைபோட்டன.

கடைத்தெருவில் ஸுஹைரைக் கண்டபோது நல்ல தண்ணீர் காட்டித் தந்ததற்கு நன்றி சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"டச்சுபே கரையில அள்ளினாலும் இதே தண்ணிதான் அண்ணன். உங்கட ஒழுங்கையால இறங்கினா கடல். அக்காதான் சல்லி எண்டு சொல்லச் சொன்னவ."

வீட்டுக்கு வந்து யோகமலரைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், சொல்லச் சொன்னனான். நாலு வருசம் நான் கேக்க நிலைமை சரியில்லை. நாலு இறால் செத்த உடனை நிலைமை சரியாப் போட்டுது."

வெங்காயம் உரித்தது அவள். கண் எரிந்தது எனக்கு. என்றாலும் ஆண்பிள்ளை சும்மா இருக்கலாமோ? அடுத்த ஞாயிறு சல்லிக்குப் போகவில்லை. டச்சுபேயில் தனியாக இரண்டு கான் அள்ளிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தேன். யோகமலர் பார்த்தாள். நல்லது என்றாள். அவ்வளவுதான். வென்றுவிட்டேன் என்று நினைத்து அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கள் பின்னேரம் வேலையால் வந்தபோது முன்னறை வெறுமையாக இருந்தது. தொட்டி நின்ற இடத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"தொட்டி எங்கை?"

"சல்லியிலை. ஸுஹைர் தன்ரை வாகனத்திலை ஏத்திக்கொண்டு போய் வைச்சவர். மீன், இறால் எல்லாம் சுகம்."

"என்னட்டைக் கேக்காமலோ?"

"தண்ணி இருக்கிற இடத்துக்குத் தொட்டி போறதுதானே லேசு? நீங்கள் கான் தூக்கி நாரி முறியத் தேவையில்லை. இலட்சுமியின்ரை மனுசன் மீனுக்குச் சாப்பாடு போடுவார்."

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மனிதர் இறாலைக் கண்டால் கறிச்சட்டியை நினைக்கிறவர். ஞாயிறு விடிந்ததும் யோகமலர் கேட்பதற்கு முன்னமே மோட்டார் சைக்கிளை உருட்டி வாசலில் நிறுத்திவிட்டு, வா போவோம் என்று கூப்பிட்டேன்.

"நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள் அவள் உள்ளே இருந்து. "வரேக்கை இலட்சுமியையும் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. பள்ளிக்கூட லீவு முடியுமட்டும் இஞ்சை நிக்கட்டும், முன்னறை சும்மாதானே கிடக்குது."