முப்பத்தைந்தரைக்கு மேல் தைக்காத மாஸ்டர்

கண்டி நகரத்தில் என் வயதுக்கார ஆண்களில் இன்றும் உயிரோடு இருக்கிற பாதிப் பேர், ஒரு மனிதர் தைத்துத் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய காற்சட்டையால்தான் உயிரோடு இருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் சாரம் கட்டுகிறவர்கள்.

அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் 'முப்பத்தஞ்சரை மாஸ்டர்'. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு தையல் மெஷினும் ஒரு கதிரையும் மட்டும் கொள்கிற கடை. ஆண்களுக்குக் காற்சட்டை தைப்பது தொழில். இடுப்பு முப்பத்தைந்தரை அங்குலத்தைத் தாண்டினால் தைக்க மறுப்பது கொள்கை. தொழிலைவிடக் கொள்கைதான் நன்றாக நடந்தது.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் மேல் எனக்குப் பொறாமை. லேசான பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. எரிவதற்கு வசதியாக என் வயிறும் அப்போது முப்பத்தொன்பது அங்குலம் இருந்தது.

அந்த முப்பத்தைந்தரையை அவருக்குச் சொன்னவர், அவரிடம் தைக்க வந்த ஒரு டொக்டர். இந்திய வம்சத்து உடம்புக்கு வெள்ளைக்காரனின் கணக்குச் சரிவராதாம். நம் ஆண்களுக்கு அந்த அளவைத் தாண்டினாலே ஆபத்தாம். மாரடைப்பும் நம்மை மற்றவர்களுக்கு முந்தியே தேடி வருமாம். டொக்டர் இதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. மாஸ்டர் அதைச் சட்டமாக்கிவிட்டார்.

எங்கள் ஆட்கள் காற்சட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்கு முப்பத்து நாலுதான்" என்று ஊரை ஏமாற்றுகிறவர்கள். தைக்கக் கொடுக்கும்போது பின்பக்கத் தையலில் இரண்டங்குலத் துணியை உள்ளே மடித்துவிடவும் சொல்வார்கள். அடுத்த தீபாவளிக்குள் வயிறு வளர்ந்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்ற முன்யோசனை. மாஸ்டரிடம் இரண்டும் செல்லாது. டேப்பைத் தொப்புளுக்கு நேரே சுற்றுவார். நாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்போம். அவர் அவசரப்படாமல் ஒரு கேள்வி கேட்பார். நான் துணியோடு போன அன்று என்னிடமும் கேட்டார்.

"அப்பா இருக்காரா சேர்?"

"இல்ல மாஸ்டர். போயிட்டாரு."

"எத்தன வயசுல?"

"நாப்பத்தாறு. மாரடைப்பு."

பதில் சொல்லி முடிப்பதற்குள் இழுத்து வைத்த என் வயிறு முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"ஒங்களுக்கு இப்ப?"

"நாப்பத்தி மூணு."

டேப்பைச் சுருட்டினார். "முப்பத்தொம்பது. துணிய அலுமாரில பத்திரமா வைங்க சேர். இடுப்பக் கொறச்சிட்டு வாங்க, தச்சித் தர்றேன்."

மற்ற டெய்லர்கள் காற்சட்டை கிடைக்கும் திகதியை எழுதித் தருகிற துண்டில் இவர், 'பிரஷர், சீனி, கொழுப்புப் பார்க்கவும்' என்று எழுதி நீட்டினார். என் மனைவி பரமேஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள். நாற்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்று போனால் மீதி எவ்வளவு என்பது அவள் முகத்தில் தெரிந்தது. துண்டை நான் சட்டைப்பையில் போடுவதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் மாஸ்டரின் ஆட்சி.

"ப்ளேன்டீக்கு சீனி வேணாமாம், மாஸ்டர் சொன்னாரு."

"சோறு ஒரு தட்டத்துக்கு மேல ஆகாதாம், மாஸ்டர் சொன்னாரு."

"துண்டு குடுத்து ரெண்டு மாசமாச்சாம். கிளினிக் போனாரான்னு மாஸ்டர் கேட்டாரு."

பதினாறு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருக்கிறேன். சம்பலுக்கு உப்பைக் குறை என்று நான் சொன்னால் காதிலேயே விழாது. அதையே மாஸ்டர் சொன்னதும் வீட்டில் உப்புப் போத்தல் காணாமல் போனது. மகனின் பள்ளிக்கூடக் காற்சட்டையைச் சாக்கு வைத்து வாரம் ஒரு முறை அந்தக் கடைக்குப் போய்வருவாள். வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சம்பளம் வாங்கிக் கையில் கொடுத்தபோதுகூட நான் அந்தத் தெளிவைப் பார்த்ததில்லை. மாஸ்டருக்கோ என்னைவிட ஆறு வயது கூட. ஆனாலும் இடுப்பு முப்பத்தொன்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில்தான் இப்படி என்று கந்தோருக்குப் போனால் அங்கேயும் அவர். எனக்கு அடுத்த மேசை அலவத்துகொட ஊர்ப் பரீத். வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டு நெய்ச்சோற்றில் பாதி எனக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அவன் டப்பாவைத் திறந்தால் வெள்ளரிக்காயும் கடலையும்.

"என்னடா இது?"

"மாஸ்டர் துண்டு தந்தாரு மச்சான். போய்ப் பாத்தா ரத்தத்துல சீனி ஈக்கி. எங்கட வாப்பா மவுத்தானதும் இதாலதான். இனி நெய்ச்சோறு இல்ல."

என் மனைவியை எடுத்துக்கொண்டது போதாதென்று நெய்ச்சோற்றையும் எடுத்துக்கொண்டாரே என்ற எரிச்சலில் அன்று முழுவதும் என் மேசையில் ஒரு கோப்பும் நகரவில்லை.

அவர் புகழும் நாளுக்கு நாள் ஏறியது. திகனவில் ஒரு முதலாளி மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது, இடுப்பு நாற்பது. "கோட் தச்சித் தர்றேன், ட்ரவுசர் முடியாது" என்றுவிட்டார் மாஸ்டர். மாப்பிள்ளையும் ரோஷக்காரன். கோட்டும் வெள்ளைச் சாரமுமாக மேடையில் உட்கார்ந்தான். அடுத்த இரண்டு கலியாணங்களில் திகன மாப்பிள்ளைமார் அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள். தைக்க மறுத்தே ஊருக்குப் புது உடுப்புப் பாணி காட்டிய ஒரே டெய்லர் அவராகத்தான் இருப்பார்.

நான் கிளினிக் போகவில்லை. போனால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஒரு சனிக்கிழமை, கந்தோரில் வேலை என்று பொய் சொல்லி, துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு கலகெதரைக்கு பஸ் ஏறினேன். சின்ன வீடு வைத்திருப்பவன்கூட அத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். கலகெதர டெய்லர் தங்கமான மனுஷன். முப்பத்தொன்பது என்றதும் புருவத்தைக்கூடத் தூக்காமல், "உள்ளுக்க ரெண்டு இஞ்ச் துணி விடவா?" என்று கேட்டார். "மூணா விடுங்க" என்றேன்.

அடுத்த வாரமே பிடிபட்டேன். புதுக் காற்சட்டையைத் துவைக்க எடுத்த பரமேஸ்வரி பின்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்று நான் நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒங்களுக்கு அவரு மேல கோவம்னா அவருகிட்ட காட்டுங்க. என்னைய ஏன் தனியா விட்டுட்டுப் போகப் பாக்குறீங்க?"

அவளிடம் காட்ட முடியாத கோபத்தோடு அந்தக் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் மெஷின் மேல் எறிந்தேன்.

"என் வீட்டுக்குள்ள நீங்க எதுக்கு மாஸ்டர் பூந்தீங்க?"

மாஸ்டர் கோபப்படவில்லை. தையலைத் திருப்பி, உள்ளே மடித்த துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு மூணு அண்ணமாரு சேர். மூணு பேருக்கும் நாந்தான் தச்சேன். தீபாவளிக்குத் தீபாவளி வந்து, 'தம்பி, கொஞ்சம் பிரிச்சு விடுடா'ன்னுவாங்க. கேக்க கேக்க பிரிச்சு விட்டேன். மூணு பேரும் மாரடைப்புல போனாங்க, ஒருத்தரும் அம்பதப் பாக்கல. சவப்பெட்டில வைக்கும்போது போட்டுவிட்டதும் நான் பிரிச்சு விட்ட ட்ரவுசர்தான்."

என் கோபத்துக்கு அதற்கு மேல் நிற்க இடமில்லை. ஆனால் பொறாமை லேசில் சாகாது. இத்தனை பேரை விரட்டுகிறவரிடம் ஏதாவது ஓட்டை இருக்காதா என்று தேடியது.

"நீங்க கிளினிக் போய்ப் பாத்தீங்களா மாஸ்டர்?"

"எனக்கு முப்பத்தொண்ணுதானே சேர்."

"போனீங்களா, இல்லையா?"

காற்சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். "பயமா இருக்கு சேர்" என்றார். "எனக்கு இப்ப நாப்பத்தொம்பது."

கண்டியில் பாதிப் பேரைக் கிளினிக்குக்கு அனுப்பிய மனிதர் தான் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை! "நீங்க வந்தா நானும் வர்றேன்" என்று பிடித்த பிடியில் நின்றேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் வெறும் வயிற்றோடு இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு பிரஷரும் கொழுப்பும். மாஸ்டருக்குச் சீனியும் கொழுப்பும், இரண்டும் என்னைவிட மோசம். "ஒல்லியா இருக்கோம், தப்பிச்சோம்னு நம்ம ஆக்கள் நினைக்கவே கூடாது. குடும்பத்துல இருந்தா கட்டாயம் பாக்கணும். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்று டொக்டர் இரண்டு பேருக்கும் மருந்து எழுதினார்.

இனிமேல் எழுதப்போவது பாவம்தான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக அவரை நான் ஜெயித்திருந்தேன். அந்தச் சந்தோஷம் வெளி வாசல் வரைக்கும்கூட வரவில்லை. மாஸ்டர் நடுவழியில் நின்றுவிட்டார். மருந்துச் சீட்டைத் திரும்பவும் விரித்துப் பார்த்தார்.

"சேர், எனக்கு அம்பது வருமா?"

கையைப் பிடித்துக்கொண்டேன். "வரணும் மாஸ்டர். நீங்க போயிட்டா நான் யாரப் பாத்துப் பொறாமப்படுறது?"

அவர் சிரித்த சிரிப்பில் ஒரு தாதி வந்து எங்களை அதட்டினார்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து இரண்டு பேரும் கண்டிக் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். என் இடுப்பு முப்பத்தைந்தரைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. சீனிக்கு நல்லதென்று பரமேஸ்வரி குரக்கன் பிட்டு அவித்தால் முதல் பங்கு சந்துக் கடைக்குப் போகும், ஆறிய பங்கு எனக்கு. நான் நாற்பத்தாறைத் தாண்டிய அன்று எனக்குக் கிடைத்தது அரைக் கோப்பைப் பாயாசம். மாஸ்டருக்கு ஐம்பது பிறந்த அன்றைக்கோ எங்கள் வீட்டில் ஐந்து கறியோடு சாப்பாடு நடந்திருந்தது. அதையும் நான் மறக்கவில்லை. அந்தச் சாப்பாட்டில் முதல் வாய்ச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"மூணு அண்ணமாரையும் விட இப்ப நாந்தான் மூத்தவன் சேர்."

பரமேஸ்வரி எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

கடை மூடி நாளாகிவிட்டது. எனக்கு அறுபத்து மூன்று, அவருக்கு எழுபது நெருங்குகிறது. இன்று காலையிலும் குளக்கரையில் எனக்கு முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த நாலு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். எனக்கு ஒருவரும் வைக்கவில்லை. வயிறு எரிந்தது. பரவாயில்லை, நடையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முந்தட்டும். உலகத்தை விட்டுப் போவதில் மட்டும் அந்த மனுஷன் என்னை முந்திவிடக் கூடாது.