டம்ளர் அடியில் வெட்டிய தலைப்பு

இது நான் நேரில் பார்த்த சம்பவம் அல்ல. கோலார் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில், சாம்சனின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் ஷில்பா சொன்னது. ஷில்பாவுக்கு ஒன்றை இரண்டாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு. ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தால் அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது. ஆகவே அவள் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

சாம்சன் கடைக்குப் பக்கத்துக் கடை துளசிராமனுடைய எவர்சில்வர் பாத்திரக் கடை. மாரிகுப்பத்திலிருந்தும் பூதிகோட்டையிலிருந்தும் கல்யாணப் பாத்திரம் வாங்க அங்கேதான் வருவார்கள். காரணம் துளசிராமன் அல்ல, அவர் மனைவி பாப்பம்மா. வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது பாப்பம்மாவின் வேலை. கையில் அடங்குகிற மெஷின், முனையில் ஊசி, டர்ரென்று ஒரு சத்தம். தமிழ், கன்னடம், தெலுங்கு, எதில் கேட்டாலும் வெட்டுவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு பேர்கூடப் பிசகியதில்லை.

துளசிராமன் செய்வது என்ன என்று கேட்டால், அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கடையின் சட்டதிட்டங்களைச் சொல்வார். முக்கியமாக ஒன்று.

"அன்பளிப்புப் பாத்திரத்துல குடுக்கறவங்க பேருதான் வெட்டணும். வாங்கிக்கறவங்க பேரு இல்ல. நாளைக்கு இத குடுத்தவன் யாருன்னு தெரிய வாணாவா?"

மற்ற நேரத்தில் அவர் நகைச்சுவை எழுத்தாளர்.

கடைவீதித் தமிழ் மன்றம் வருடா வருடம் நகைச்சுவைக் கதைப் போட்டி நடத்துகிறது. இரண்டு வருடமாக முதல் பரிசு சாம்சனுக்கு, ஆறுதல் பரிசு துளசிராமனுக்கு. அந்த ஆறுதல் பரிசுக் கதைகளில் சிரிப்பு வந்த இடங்கள் எல்லாம் பாப்பம்மா பேர் வெட்டிக்கொண்டே சொன்னவை. வராத இடங்கள் துளசிராமனின் சொந்தச் சரக்கு. போன வருடம் மன்றச் செயலாளர் பாஸ்கரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எப்படி சார் தோணுது?" என்று கேட்டார். "தானா வருது சார்" என்றார் துளசிராமன். அந்தத் 'தானா' மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த வருட அறிவிப்பில் விதிகள் மூன்று. ஒன்று, தலைப்பு புதியதாக இருக்க வேண்டும். மாமியார், மனைவி சமையல், கணவனின் வழுக்கை ஆகிய மூன்றும் அறவே கூடாது. இரண்டு, ஐந்து நிமிடத்துக்குள் படித்து முடிக்க வேண்டும். மூன்று, ஒரே தலைப்பில் இருவர் எழுதியிருந்தால், அது முதலில் யாருக்குத் தோன்றியது என்பதற்குத் தேதியோடு எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் மேடையில், மைக்கில் படிக்கப்படும். தலைப்பு யாருடையதோ அவர் மட்டுமே போட்டியில் இருப்பார்.

"மாமியாரும் கூடாது, சமையலும் கூடாதுன்னா ஊர்ல பாதி எழுத்தாளருக்கு வேலை போச்சு" என்றார் பாப்பம்மா.

துளசிராமன் எழுந்து நின்றார். கடைவீதிக்கே கேட்கும்படி அறிவித்தார். "இந்த வருஷம் முதல் பரிசு எனக்கு. இல்லனா இந்த மீசைய எடுத்துடறேன்."

"மீசை இருக்கறதே யாருக்கும் தெரியாதுங்க. வேற எதனா பந்தயம் வைங்க."

அன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. துளசிராமன் நோட்டைத் திறந்தார். புதிய தலைப்பு வேட்டை ஆரம்பமாயிற்று.

"ரயில்ல சீட்டுப் புடிக்கறது. எப்படி இருக்குது?"

"பெங்களூரு போற காலை வண்டியா? அது நகைச்சுவை இல்லீங்க, அடிதடி. மன்றத்துல படிச்சா கோலார் கோர்ட்டுல முடியும்."

"பல்லி தலைல வுழுந்தது?"

"அதுக்குப் பஞ்சாங்கத்துலயே பலன் போட்டுட்டாங்க. நீங்க புதுசா இன்னா சொல்லப் போறீங்க?"

"சர்க்கரை வியாதி?"

"கேக்க வர்றவங்க முக்காவாசிப் பேருக்கு இருக்குது. சிரிப்பாங்களா, மாத்திரை எடுத்துப் போடுவாங்களா?"

"சரி, நம்ம ஊரு. தங்கச் சுரங்கம்."

"ஊரு பேர்ல தங்கம், நாம விக்கறது எவர்சில்வர். இதுக்குமேல எழுதினா அழுகாச்சி ஆயிடும்."

துளசிராமன் நோட்டை மூடினார். "உனக்கு ரசனையே இல்ல பாப்பா" என்றார். எந்தத் தலைப்பைச் சொன்னாலும் அதைவிட நல்லதாக ஒரு பதில் வருகிறதே என்பது அவர் மனதில் படவில்லை. பட்டிருந்தாலும் அவர் அதைத் தன்னுடைய கேள்வியின் சிறப்பு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் பாப்பம்மா ஒரு குடத்தை மடியில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு அம்மாள் கொண்டுவந்து, பழைய பேரைத் தேய்த்துவிட்டுப் புதுப் பேர் வெட்டச் சொல்லிவிட்டுப் போன குடம். பாப்பம்மா தனக்குள் சிரித்தார்.

"இன்னா சிரிப்பு?"

"இது நம்ம கடைக் குடம். ஏழாவது வாட்டி வருது."

"எப்படித் தெரியும்?"

"தேய்ச்சாலும் நிழல் தெரியும். இப்படிப் புடிச்சுப் பாருங்க. ஒண்ணுமேல ஒண்ணா ஆறு பேரு. ஆறும் நான் வெட்டினது. மொதல்ல பூதிகோட்டைக் கல்யாணத்துக்குப் போச்சு. அவங்க அதக் கட்டிகினு போய் மாரிகுப்பத்துல குடுத்தாங்க. அங்கேருந்து திரும்ப இங்கயே வந்துச்சு. ஆறு கல்யாணம் பாத்துட்டுது, ஒரு சொட்டுத் தண்ணி பாக்கல. ஒரு வூட்டுல பொண்ணுக்குக் குழந்தை பொறந்து ஸ்கூலுக்கே போவுது, குடம் இன்னும் கல்யாணத்துக்குப் போய்கினு இருக்குது."

"இப்ப யாருக்குப் போவுது?"

"அதாங்க சிரிச்சேன். மொத மொத காசு குடுத்து வாங்கினாங்களே, அவங்க வூட்டுக்கே போவுது. 'எவ்ளோ கனமா வாங்கிகினு வந்திருக்காங்க'ன்னு பெருமையா வாங்கி வெப்பாங்க பாருங்க."

துளசிராமன் சிரித்த சிரிப்பில் சுழல் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "பாப்பா, தலைப்பு கெடச்சிடுச்சு. கல்யாணத்துக்குக் கல்யாணம் போன குடம்."

"யாருக்குக் கெடச்சுது?"

"எனக்குத்தான்."

பாப்பம்மா மெஷினைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்த வாட்டி மேடைல எம் பேரச் சொல்றீங்களா? ஒரே ஒரு வாட்டி. இது எம் பொண்டாட்டி சொன்னதுன்னு. மைக்குல எம் பேரு வந்தா போதும், பரிசு நீங்களே வெச்சுக்குங்க."

"பொண்டாட்டி சொன்ன ஜோக்குன்னா எவன் சிரிப்பான்? பேசாம சும்னே இரு."

"சரி" என்றார் பாப்பம்மா.

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அன்றைக்கே பயந்திருப்பான். துளசிராமனுக்கு அப்போது சாம்சனைப் பற்றிய பயம் மட்டுமே இருந்தது. தலைப்பை அவன் திருடிவிட்டால்? மூன்றாம் விதிப்படி ஆதாரம் வேண்டும். ஆனால் காகிதத்தில் எழுதினால், இந்த ஊரில் எந்தக் காகிதமும் ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போயே தீரும்.

"போன்ல எழுதி வைங்க" என்றார் பாப்பம்மா.

"போன்ல தேதிய மாத்திட்டேன்னு சொல்வான். எவர்சில்வர்ல மாத்த முடியுமா? நீயே சொல்றியே, தேய்ச்சாலும் நிழல் தெரியும்னு. ஒரு டம்ளர எடு. அடியில தலைப்பு, தேதி, பேரு மூணும் வெட்டு."

டர்ரென்று இரண்டு நிமிடம். பாப்பம்மா டம்ளரைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். துளசிராமன் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார். பிரித்துப் பார்க்கவில்லை. வெட்டிய பேரைச் சரிபார்ப்பது வாடிக்கையாளர் வேலை, கடைக்காரர் வேலை அல்ல என்பது அவருடைய கொள்கை.

மறுநாள் நடந்தது ஷில்பாவின் கண்ணெதிரே நடந்தது. பாப்பம்மா ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கல்லாவில் சாம்சனின் மனைவி லூயிசா இருந்தார்.

"லூயிசா, ஒரு கூத்து கேளு" என்று ஆரம்பித்தார் பாப்பம்மா. குடத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். லூயிசா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே சாம்சன் காகிதம் வைக்காமலேயே மெஷினை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுக்குத் தலைப்பு இன்னா வெக்கலாம்?" என்றார் சாம்சன், யாரோ எதற்கோ கேட்பது போல.

"கல்யாணத்துக்குக் கல்யாணம் போன குடம்னு வெக்கலாம் சாம்சா. எனக்கு இன்னா தெரியும், நான் பாத்திரக் கடைக்காரி."

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்காமலேயே பாப்பம்மா கிளம்பிவிட்டார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஷில்பா எழுந்தாள். சாம்சன் அதற்குள் அவளிடம் பேனா கேட்டார்.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டபம் நிறைந்திருந்தது. பாஸ்கரன் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தர ஆய்வு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு உயிர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக் முன் நின்றார்.

"ஒரே தலைப்பில் இரண்டு கதைகள் வந்துள்ளன. கல்யாணத்துக்குக் கல்யாணம் போன குடம். எழுதியவர்கள் திரு. சாம்சன், திரு. துளசிராமன். மூன்றாம் விதிப்படி ஆதாரம் உண்டா?"

சாம்சன் ஒரு காகிதத்தை நீட்டினார். தேதி ஜனவரி பத்தொன்பது. துளசிராமன் மெதுவாக எழுந்தார். இதற்காகவே சலவை செய்த சட்டை. செய்தித்தாள் பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிவிட்டு மேடை ஏறினார். "காகிதத்துல எவன் வேணா எழுதலாம் சார். நம்மது எவர்சில்வர்."

பாஸ்கரன் நூலைப் பிரித்தார். டம்ளரைக் கவிழ்த்தார். அடியை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"தலைப்பு, கல்யாணத்துக்குக் கல்யாணம் போன குடம். தேதி, ஜனவரி பதினெட்டு."

"ஒரு நாள் முந்தி. கேட்டுக்க சாம்சா" என்றார் துளசிராமன்.

"இருங்க சார். இன்னும் ஒரு வரி இருக்கு." பாஸ்கரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அன்பளிப்பு, பாப்பம்மா."

துளசிராமன் டம்ளரின் அடியை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றார் துளசிராமன்.

பாஸ்கரன் படித்தார். பாப்பம்மா ஒரு தடவைதான் கேட்டிருந்தார். மைக்கில் இரண்டு தடவை வந்தாயிற்று.

"இன்னா பாப்பா இது?"

மூன்றாவது வரிசையிலிருந்து பதில் நிதானமாக வந்தது. "கடை வழக்கந்தானேங்க. அன்பளிப்புல குடுக்கறவங்க பேருதான் வெட்டணும். வாங்கிக்கறவங்க பேரு இல்ல."

"எனக்கும் அப்டித்தான் சொன்னாரு" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் குரல்.

விதி விதிதான். தலைப்பு பாப்பம்மாவுடையது. சாம்சன் கதையும் துளசிராமன் கதையும் தள்ளுபடி. 'தலைப்புக்கு உரியவர் வந்து கதை சொல்லலாம்' என்றார் பாஸ்கரன். துளசிராமன் மேடையிலிருந்து இறங்க, பாப்பம்மா ஏறினார். காகிதம் இல்லை. கடையில் பேசுவதுபோலவே நான்கரை நிமிடம் பேசினார். குடத்தைக் கொடுத்தவர்கள் பேரைச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மண்டபம் முழுக்கச் சிரிக்க, ஏழு குடும்பங்கள் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் பரிசு பாப்பம்மாவுக்கு.

"இதெல்லாம் எப்படிம்மா தோணுது?" என்று பாஸ்கரன் வழக்கம்போலக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு சும்னே இருன்னாரு. சும்னே இருந்தேன், தோணிச்சு."

துளசிராமன் மீசையை எடுக்கவில்லை. பரிசு தன் வீட்டுக்குத்தானே வந்தது, பந்தயம் செல்லாது என்று கடைவீதியில் வாதாடிக்கொண்டிருக்கிறார். டம்ளரில் அப்படி வெட்டச் சொன்னதே தான்தான் என்றும் இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பாப்பம்மா மறுப்பதில்லை, "சரி" என்கிறார். அந்தச் 'சரி' வந்தால் துளசிராமன் உடனே பேச்சை மாற்றிவிடுகிறார். அவ்வளவு பாடம் ஆகியிருக்கிறது.

ஷில்பா சொன்னதில் எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. சங்கதி எல்லாம் மூன்றாம் விதியால் வந்தது. போன வருடம் வரை அப்படி ஒரு விதியே கிடையாது. பாஸ்கரன் அனுமதியோடு மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். போன ஆண்டு விழா முடிந்த ஒன்பதாம் நாள், இரண்டே வரியில் தீர்மானம் இருக்கிறது. முன்மொழிந்தவர்: திருமதி பாப்பம்மா. வழிமொழிந்து கையெழுத்துப் போட்டவர்: திரு. துளசிராமன்.