புலிக்குத் தைத்த வாழைநார்க் கோட்டு

ஒரு காட்டில், ஊர்க்காரர்கள் குப்பை கொட்டும் ஓரமாகப் பார்த்து, கொறிச்சி என்ற வெள்ளாடு தையல் கடை வைத்திருந்தது. திருவிழா முடிந்ததும் பந்தலில் கட்டிய வாழைமரங்களை ஊரார் அங்கே கொண்டுவந்து போடுவார்கள். கொறிச்சி அவற்றின் மட்டையைக் கிழித்து நார் எடுக்கும். அன்னாசி இலையைச் சுரண்டி நூல் திரிக்கும். ஜூஸ் கடையிலிருந்து வரும் மாம்பழச் சக்கையைப் பாறையில் தட்டிக் காயவைக்கும். அது தோல் மாதிரியே பளபளக்கும். பொத்தானுக்குப் புளியங்கொட்டை. அந்தக் கடையில் விலங்குப் பொருள் என்று எதுவும் கிடையாது, கொறிச்சியைத் தவிர.

ஒருநாள் கடைக்குப் புலிராஜா வந்தது.

"பக்கத்துக் காட்டுச் சிங்கம் செஞ்ச கூத்தைப் பார்த்தியா? தேங்காய்நார்ச் சால்வை போர்த்திக்கிட்டு வந்து, 'இது மக்கும் துணி, பூமிக்குப் பாரமில்லை'ன்னு ஒரே பேச்சு. குரங்குங்க எல்லாம் எழுந்து நின்னு கைதட்டுது. எனக்கு யாருமே எழுந்து நின்னதில்லை."

"உங்களைப் பார்த்தா எல்லாரும் எழுந்து ஓடுறாங்களே ராஜா, அதுவும் மரியாதைதானே?" என்றது கொறிச்சி.

"அது வேற. சிங்கத்தோட சால்வையைவிட நல்லதா எனக்கு ஒரு கோட்டு வேணும். காட்டு விழாவுல போட்டுக்கணும்."

"தைச்சிடலாம். தைச்சுக் கொடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்?"

"தைக்கிற வரைக்கும் உன்னைத் தொட மாட்டேன்."

"தைச்ச பிறகு?"

"நான் நியாயமான ராஜா, கொறிச்சி. வேலை இருக்கிறவங்களை நான் சாப்பிடுறதில்லை. வேலை இல்லாதவங்களை மட்டும்தான். போன வருஷம் முள்ளம்பன்றி என் குகைக்குக் கதவு போட்டுக் கொடுத்துச்சு. அடடா, என்ன கதவு! இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்லை."

"முள்ளம்பன்றி சௌக்கியமா?"

"அப்புறம் அதுக்கு வேலை இல்லாமப் போயிடுச்சு" என்ற புலி, ஒரு நீளமான முள்ளால் பல்லைக் குத்திக்கொண்டே நடந்தது.

கடைக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது நாரப்பன் என்ற தூக்கணாங்குருவி. கடையில் பின்னல் வேலை முழுவதும் அதன் பொறுப்பு.

"அக்கா, கதவு விஷயம் காதுல விழுந்துச்சா? கோட்டைப் பாத்ததும் பிஞ்சு போற மாதிரி தை. பிஞ்சாத்தான் மறுபடி வேலை."

"மட்டமா தைக்க எனக்குக் கை வராது, நாரப்பா."

கை வராததுதான் ஒரு தொல்லை. வாய் வந்தது இன்னொரு தொல்லை. ஆட்டுத் தையல்காரர்கள் துணியின் தரத்தைப் பல்லால்தான் சோதிப்பார்கள். கொறிச்சியும் சோதித்தது. இடது கை தைத்து முடித்தபோது வலது கையைக் காணோம். வலது கையை மறுபடி தைத்து முடித்தபோது இடது கையைக் காணோம்.

"சரக்கு எப்படிக்கா?" என்று கேட்டது நாரப்பன்.

"முதல் தரம். கொஞ்சம் உப்பு இருந்தா இன்னும் ருசிக்கும்."

நாரப்பன் கோரைப்புல்லில் ஒரு வாய்க்கூடை பின்னி, கொறிச்சியின் வாயில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது. திரும்பி வந்தபோது வாய்க்கூடையும் இல்லை, காலரும் இல்லை. கடைசியில் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கொறிச்சியின் வாயில் அடக்கி வைத்தது. கல்லை மட்டும் தின்ன முடியவில்லை. கோட்டு முடிந்தது.

உண்மையில் அது அபாரமான கோட்டு. வாழைநார் பட்டுப்போல மின்னியது. மாம்பழக் காலர் எட்டு மரத்துக்கு அப்பால் மணந்தது.

விழா நாள் வந்தது. நல்ல கோடை. காட்டில் புல் கருகிக் கிடந்தது. மான்களும் முயல்களும் ஒட்டிய வயிற்றோடு வந்து தொலைவில் நின்றன. வராவிட்டால், வேலை இல்லை என்று ஆகிவிடுமே! முன்வரிசையில் சிங்கம், தேங்காய்நார் குத்திய இடங்களையெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

மேடைப் பாறைக்குப் பின்னால் புலி கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டது: "கொறிச்சி, இது எத்தனை நாள் உழைக்கும்?"

தொழில்பெருமை வந்துவிட்டால் ஆட்டுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. "நாளா? பத்து மழைக்காலம் தாங்கும், ராஜா!"

"பத்து மழைக்காலம்" என்று புலி திருப்பிச் சொன்னது. பிறகு உதட்டை நக்கிக்கொண்டது. "அப்போ விழா முடிஞ்சதும் நீ குகைக்கு வா. அந்தக் கதவைக் காட்டுறேன்."

நாரப்பன் கூரையிலிருந்து சொன்னது இப்போதுதான் கொறிச்சிக்கு உறைத்தது. புலி மேடையேறிவிட்டது. கொறிச்சியும் பின்னாலேயே ஓடியது.

"ராஜா, ஓரத்துல ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கு. பல்லால எடுத்துவிட்டுடறேன்."

வாயிலிருந்த கூழாங்கல்லைத் துப்பிவிட்டு ஒரு கடி கடித்தது. எல்லோரும் பார்க்கும்படி நிதானமாக மென்றது. பிறகு ஓர் ஏப்பம் விட்டது.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவ்வளவுதான். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது.

புலி வாழ்க்கையில் முதல்முறையாக, தன்னை நோக்கி ஓடிவரும் மான்களைப் பார்த்தது. "பாசக்காரப் பிள்ளைங்க! ஒவ்வொருத்தரா வாங்க!" என்று கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தது. மான்கள் கோட்டுக் கையிலிருந்தே ஆரம்பித்தன. முயல்கள் பொத்தான்களைக் கவனித்துக்கொண்டன.

புலி கண்ணைத் திறந்தபோது உடம்பில் அதன் சொந்தக் கோடுகள் மட்டும் இருந்தன.

"கோட்டு எங்கேடீ?" என்று உறுமியது.

"மக்கிடுச்சு, ராஜா."

"அதுக்குள்ளயா?"

"அதுதான் உயர்ந்த சரக்கு. சிங்கராஜாவோட சால்வை மக்கிடுச்சான்னு கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிங்கத்தைப் பார்த்தார்கள். "மக்கும்… மக்கும்… இன்னும் காலம் இருக்கு" என்று சிங்கம் சொறிந்தது. குரங்குகள் எழுந்து நின்று புலிக்குக் கைதட்டின. சிங்கம் விழா முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டது.

"கொறிச்சி, அடுத்த வாரமும் விழா" என்றது புலி. "அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரமும்."

அன்றிலிருந்து வாராவாரம் கோட்டு, வாராவாரம் விழா. மான்களைப் புலி தொடவே இல்லை. கைதட்டுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது அல்லவா? புலிக்குக் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. கதவு மட்டும் அப்படியே உறுதியாக இருக்கிறது.

நீதி: நீடித்து உழைக்கும் பொருளைச் செய்துவிடாதீர்கள், அது நீடிக்கும், நீங்கள் நீடிக்கமாட்டீர்கள்.