எதிர்வீட்டுக்காரரை அழிக்கும்படி ஒரு விண்ணப்பம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். எதிர்வீட்டுக்காரரும் சுகம்தான் போலிருக்கிறது, சங்கடமே அதுதான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில், நீங்கள் எழுதித் தந்த மென்பொருளை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடியது உங்களுக்கே தெரியும். வாட்ச்மேன் தன் போனில் வீட்டு எண்ணைத் தட்டினால் அலுவலக அறையில் இருக்கும் சர்வர் பதில் சொல்லும், நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒன்று உட்கார்ந்து, அட்டவணையில் கிடக்கும் வெறும் வரியை ஓர் ஆளாக்கி அனுப்பும் என்றீர்கள். ஆளாக்குவது என்றால் இப்படி என்று யார் கண்டது? போன புதன்கிழமை, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டு எண்ணைத் தட்டி, அங்கே யார் என்று சும்மா கேட்டுத் தொலைத்தேன். ‘குடியிருப்பவர்: ஒருவர்’ என்று வந்தது. பதறிப்போய் உங்களுக்குப் போன் போட்டால், “ஒண்ணுமில்ல மாமா, கேட்ட வீட்டுல ஆள் இல்லேன்னா அதுவே புதுசா ஒரு ஆளை உண்டாக்கிக்கும். வசதியா இருக்கட்டும்னு நான்தான் அப்படி எழுதினேன்” என்று சிரித்தீர்கள். யாருக்கு வசதி? வியாழன் அந்த வீட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடியது. வெள்ளி, வாசலில் ஒரு ஜோடி ஈரச் செருப்பு. சனி, பட்டப்பகலில் இன்டர்காம் அடித்தது, உங்கள் அத்தை எடுத்து, “ம்... ஆமா, இருக்காரு” என்று சொல்லி வைத்தாள்.

“யாரு?”

“எதிர்வீடு. நீங்க இருக்கீங்களான்னு கேட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் பேசறாங்க.”

எனக்குப் பயமாகவே இருக்கிறது மாப்பிள்ளை. “ஒரு பொத்தான்தான் மாமா, அவரை அழிச்சா அவர் கேட்டு உண்டானவங்களும் கூடவே போயிடுவாங்க, குப்பை மிஞ்சாது” என்றீர்களே, அதை உடனே செய்து என் மானத்தையும் உயிரையும் காப்பாற்றுங்கள்.

மகளும் நீங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் வீட்டு எண்ணையும் தட்டிப் பார்த்தேன். பழைய பதிவேட்டிலிருந்து எல்லா வீட்டையும் ஏற்றிய மகானுபாவன் நான், என் வீட்டை மட்டும் ஏற்ற மறந்திருக்கிறேன். ஆனாலும் நான் இருக்கிறேன். உண்டான நாள்: செவ்வாய், அதாவது நான் கேட்டதற்கு முதல் நாள். கேட்டவர்: எதிர்வீட்டுக்காரர். எனக்குக் கீழே வரிசையாக மனைவி, மகள், மருமகன். ஆகையால் அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். எந்தக் கடிதத்தையும் பாதி படித்துவிட்டுக் காரியத்தில் இறங்குகிற ஆள் நீங்கள். இந்த வரிவரைக்கும் வந்துவிட்டீர்கள்தானே?