அஞ்சரைத் துடுப்பு

எட்டாம் பாகத்தில் அறுபத்திரண்டு பக்கங்களை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ‘உப்புமலை நாடு’ நாவலின் ஒன்பது பாகங்களையும் கரைத்துக் குடித்தவன் என்று கோயமுத்தூர் வட்டாரத்தில் நாற்பது பேர் என்னை நம்பிக்கொண்டிருந்தார்கள். குடித்தது உண்மைதான். நடுவில் ஒரு டம்ளரை யாருக்கும் தெரியாமல் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

உப்புமலை என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற நாடு. மழை பெய்தால் கரைகிற கோட்டை, நிழல் இல்லாத அரசி, மூன்று மொழி பேசுகிற கழுதை என்று அது ஒரு தனி உலகம். படிக்காதவர்களுக்கு அதை விளக்குவது சிரமம். படித்தவர்களிடமிருந்து தப்பிப்பது அதைவிடச் சிரமம். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கதையிலிருந்து ஆளுக்கொரு பட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். நான் வாயிற்காப்போன். குழுவில் சேர வேண்டுமென்றால் என்னுடைய பத்துக் கேள்விகளைத் தாண்டி வர வேண்டும். கழுதையின் பெயரைக் கேட்க மாட்டேன் (அது எல்.கே.ஜி. பிள்ளைக்கான கேள்வி). கழுதையின் அம்மா பெயரைக் கேட்பேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இரும்பைத் தள்ளினேன். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து மனிதர்களைத் தள்ளினேன். வேறு எந்த இடத்திலும் என் பேச்சு எடுபடாது என்பதால் இந்த வேலையை ரொம்பவே அனுபவித்துச் செய்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் குழுவில் ‘மோதல்’ நடக்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதில் அடிக்கடி ஜெயித்தவர் ‘ஓடக்காரர்’ என்ற பெயரில் இருந்தவர். மெதுவாகத்தான் டைப் செய்வார். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் “தப்பா இருந்தா மன்னிச்சுப்போடுங்க” என்று ஒரு வரி இருக்கும். தப்பாகவே இருக்காது. இந்தப் பணிவு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் படிக்கிற பையன் எவனோ நக்கல் செய்கிறான் என்று முடிவுகட்டி, “டேய் ஓடக்காரா” என்றுதான் மூன்று வருடம் கூப்பிட்டேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை (வாட்ஸ்அப்பில் முகம் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன்).

ஒரு வெள்ளிக்கிழமை மோதலில் அவர் என்னையே கேட்டார்: “எட்டாம் பாகத்துல அரசி மொத்தம் எத்தன நாள் அழுதாங்க?” எனக்குக் குப்பென்று வியர்த்தது. எட்டாம் பாகத்தில் ஒரு பெரிய இழவு அத்தியாயம் வரும். சண்டை இல்லை, சூனியம் இல்லை, பக்கம் பக்கமாக அழுகை. நான் தாண்டிய அறுபத்திரண்டு பக்கங்கள் அவைதான். “கேள்வி தெளிவாக இல்லை. தள்ளுபடி” என்று டைப் செய்தேன். “சரிங்க தம்பி” என்றார். அந்தச் ‘சரிங்க’வை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதமே ‘ஆண்டு மறுதேர்வு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பவர்களும் மறுபடி தேற வேண்டும். ஓடக்காரருக்கென்றே ஒரு கேள்வி வைத்தேன்: அரசியின் ஓடத்தில் எத்தனை துடுப்பு? மூன்றாம் பாகம், முதல் அத்தியாயம், இரண்டாவது பத்தி: ஐந்து. அவர் ஆறு என்றார். நான் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

தனியாக ஒரு செய்தி வந்தது. “தம்பி, அது ஆறுதானுங்க. எந்தப் பக்கம்னு தேடிச் சொல்றேனுங்க. அதுவரைக்கும் வெளியவே நிக்கறேனுங்க.” நாலு நாள் கழித்து, “இன்னும் தேடறேனுங்க.” அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. அவருடைய எண்ணை பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

ஏழெட்டு வாரம் கழித்துப் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி. “நான் ஓடக்காரரோட மக கவிதா. அப்பா நேத்து தவறிட்டாருங்க. நாளைக்கு மூணாம் நாள் காரியம். நீங்க கட்டாயம் வரணும்.” கீழே பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் முகவரி. அப்பா என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்லூரிப் பையனுக்கு ஏது மகள்?

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பஸ்ஸில் போகும்போது, வாயிற்காப்போன் நேரில் வந்திருக்கிறார் என்று அந்த வீட்டில் ஒரு மரியாதை கிடைக்கும் என்றும் லேசாக நினைத்துக்கொண்டேன். பாவத்தோடு பாவமாக அதுவும் இருக்கட்டும்.

வீட்டு முன்னால் சாமியானா. பக்கத்துக் களத்தில் உடைத்த தேங்காய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மாலை போட்ட படத்தில் நரைத்த மீசையோடு ஒருவர், ஐம்பத்தொன்பது வயது, பெயர் சென்னியப்பன். அந்தக் கொப்பரைக் களத்தை முப்பது வருடமாக மேற்பார்வை பார்த்தவராம். நான் ‘டேய்’ என்று கூப்பிட்ட அத்தனை தடவையும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. வாசலில் நின்ற ஆண்கள் துக்க வழக்கப்படி கையை நீட்டினார்கள். ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் தோளில் பச்சைத் துண்டோடு இருந்தவர் குனிந்தார். இறந்தவரின் மச்சினர், பெயர் குப்பண்ணன், பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர் என்று பிறகு தெரிந்தது. “ஏனுங்க தம்பி, எந்தூருங்க? எங்க மாமனுக்கு எப்படிங்க பழக்கம்?”

“அவரு எங்க கோட்டையில இருந்தாருங்க.”

“எந்தக் கோட்டைங்க?”

“உப்புமலைக் கோட்டைங்க. வாட்ஸ்அப்புல இருக்குதுங்க.”

அவர் டீத் தட்டோடு போன பையனை நிறுத்தி, “ஒரு டீ குடிங்க” என்றார்.

அந்த நேரம் கவிதா வெளியே வந்தாள். அழுது அழுது இமைகள் தடித்திருந்தன. “நீங்கதான் வாயிற்காப்போனா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அந்தப் பட்டம் பட்டப்பகலில், இழவு வீட்டில், எவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து நின்றேன்.

“அப்பா கடைசி ஒரு மாசமா படுத்த படுக்கைங்க. கண்ணு சரியாத் தெரியல. முதல் பாகத்துலயிருந்து திரும்ப என்னையப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தாரு. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கப்பா சொன்னது தப்பா?”

இந்த இடத்தில் மனிதராய்ப் பிறந்தவர்கள் என்ன சொல்வார்கள்? “இல்லைங்க, அவர் சொன்னதுதான் சரி” என்பார்கள். ஒரு தேங்காய் மட்டைக்குக்கூட அந்த அறிவு இருந்திருக்கும். ஆனால் நான் தரம் பார்ப்பவன். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“மூணாம் பாகம், முதல் அத்தியாயம். அஞ்சுதானுங்க.”



“ஆறு” என்றாள்.

“அஞ்சுங்க.”

“ஆறு!”

நாற்காலிகள் எங்கள் பக்கம் திரும்பின. “என்னுங்க அஞ்சு, ஆறு?” என்று ஒருவர் கேட்டார். “ஓடத்துத் துடுப்புங்களாமா” என்றார் இன்னொருவர். “சென்னியப்பனுக்கு ஏதுங்க ஓடம்?” “ஆழியாத்துல யாரு கூடவோ கூட்டா வாங்கி உட்டிருப்பாராட்டங்க.” “அதான், செத்த ஊட்டுக்கே கணக்குக் கேக்க வந்துட்டானாட்ட.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவத்துக்கு அஞ்சாத கடன்காரனைப் பார்க்கிற பார்வை அது.

குப்பண்ணன் எழுந்தார். முப்பது வருடம் சந்தையில் சண்டையை விலக்கி வியாபாரத்தை முடித்துவைத்தவர். “எழவூட்டுல சத்தம் வேண்டாமுங்க. கையக் குடுங்க தம்பி” என்று என் வலது கையைப் பிடித்து, தோள் துண்டை எடுத்து மேலே போட்டு மூடினார். மாட்டு விலையை அப்படித்தான் பேசுவார்களாம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் அதுதான் தொகை. வெளியே யாருக்கும் தெரியாது. என்னுடைய ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு ஆள்காட்டி விரலில் பாதியை மட்டும் பிடித்தார்.

“என்ர மருமவ ஆறுங்கறா. நீங்க அஞ்சுங்கறீங்க. ஆளுக்கு அரை உட்டுக்குடுங்க. அஞ்சரைன்னு முடிச்சுக்கலாம்.”

அங்கேயாவது தலையாட்டியிருக்கலாம். “அரைத் துடுப்ப வெச்சு ஓடம் ஓட்ட முடியாதுங்க” என்றேன்.

கவிதா உள்ளே போய் எட்டாம் பாகத்தை எடுத்து வந்தாள். நடுவில் அடையாளத்துக்கு ஒரு தென்னை ஈர்க்குச்சி செருகியிருந்தது. “அப்பா கண்டுபிடிச்ச பக்கம். சத்தமாப் படிங்க” என்று என் இடது கையில் வைத்தாள். வலது கை இன்னும் துண்டுக்குள் குப்பண்ணனிடம் இருந்தது.

நான் வாழ்க்கையில் பார்த்தே இராத பக்கம் அது. இழவு அத்தியாயம். படித்தேன். அரசி ஆற்றைக் கடக்கிறாள். ஐந்து பேர் துடுப்புப் போடுகிறார்கள். ஓடத்தின் அடியில் ஆறாவதாக ஒரு துடுப்பு சும்மா கிடக்கிறது; வெள்ளத்தில் போன பழைய ஓடக்காரனுடையது அது. புதிதாக வந்தவன் கேட்கிறான், யாரும் போடாத துடுப்பு எதற்கு, வீண் பாரம்தானே, ஆற்றில் வீசிவிடலாமே என்று. மற்றவர்கள் சொல்கிறார்கள்: “பாரம்தான். இருக்கட்டும்.”

அந்த இரண்டு சொல்லோடு பக்கம் முடிந்தது. உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் மனைவி அப்போதுதான் அழ ஆரம்பித்தார். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். குப்பண்ணன் என் கையை விட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வெட்கத்தில் அந்த இடத்திலேயே உப்பாகக் கரைந்துவிட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.

கவிதா அப்பாவின் போனைக் கொண்டுவந்து காட்டினாள். நான் பிளாக் செய்த பிறகு, அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் செய்து எனக்கு அனுப்பியவை. “நாலாம் பாகம் முடிஞ்சுதுங்க.” “ஏழு முடிஞ்சுதுங்க, இன்னும் கெடைக்கல.” கடைசியில், “கெடச்சுருச்சுங்க தம்பி. எட்டாம் பாகம், நானூத்திப் பதினொண்ணாம் பக்கம். கதவத் தொறக்கறீங்களா?” எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். அங்கேயே நின்று பிளாக்கை எடுத்தேன். எடுத்தாலும் பழைய செய்திகள் வந்து சேராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“அவர இப்பவே திரும்ப சேத்தறேனுங்க” என்றேன்.

“கேள்வி எதுவும் கேக்காமயா?” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவர் எண்ணைச் சேர்த்தேன். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்ற ஒரு விஷயமாவது எனக்குத் தெரிந்திருந்ததால், தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த அறுபத்திரண்டு பக்கங்களையும் படித்தேன். அரசி பத்தொன்பது நாள் அழுகிறாள். தெளிவாகவே போட்டிருக்கிறது. கேள்வியில் ஒரு குறையும் இல்லை.

குழுவில் இப்போது தேர்வு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம் (கழுதையின் பெயர் தெரியாதவர்கள்கூட வந்து சேர்ந்திருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்). ஓடக்காரரின் போனுக்கு இன்றைக்கும் அவர் மனைவிதான் சார்ஜ் போடுகிறார். படிக்கத் தெரியாதாம்; ஆனால் குழுவில் எது வந்தாலும் திறந்து பார்ப்பாராம். அதனால் நான் எதைப் போட்டாலும் ஓடக்காரர் படித்துவிட்டார் என்று நீல நிறத்தில் காட்டுகிறது. போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “ஓடக்காரர்னு ஒருத்தர் எதுவுமே பேசறதில்லையே, நீக்கிடலாமா?” என்று கேட்டார்.  நான்தான் அந்த இரண்டு சொல்லை டைப் செய்தேன்.

அந்தக் குடும்பத்தில் எனக்குப் பெயர் ‘அஞ்சரை’. கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் அழைப்பு வருகிறது, “அஞ்சரை வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பந்தி போடுகிறார்கள். விஷயம் என் வீட்டுக்கும் எட்டிவிட்டது. காய்கறிக் கடையில் நான் வாயைத் திறந்தால், “அஞ்சரைன்னு முடிச்சுக்கங்க, போலாம்” என்கிறாள் என் மனைவி. குப்பண்ணன் எங்கே பார்த்தாலும் “ஏனுங்க அஞ்சரை!” என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்து, என் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடுவார். ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரு அழுத்து. பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகப் பிடிப்பார், முழுசாக.