யானைக்குத் திரும்பிய மாம்பழங்கள்

வாழ்க! ஜலகண்டாபுரத்துத் தறியோசையையே தன் குரலால் அடக்கிய சிங்கம், மூன்றாம் வகுப்பு என்னும் முப்பத்தெட்டுத் தலைச் சேனையைப் பிரம்பெடுக்காமல் ஆண்ட பெருமான், ஆறாண்டு உழைத்தும் வேலை நிரந்தரமாகாத தற்காலிகத் திலகம், சின்னப்பராஜ் வாத்தியார் வாழ்க! கலைமகளோ மாதாவோ, யாருக்கு நேரம் ஒழிகிறதோ அவர் வந்து என் நாவில் அமர்க. அன்னார் பட்ட பாட்டைப் பாடியாக வேண்டும்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதம். பள்ளி ஆய்வாளர் வீரபாகு வகுப்புப் பார்க்க வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். ஆகவே நம் வீரர், வரிசையில் நிற்பதையும் பகிர்ந்துண்பதையும் கார்ட்டூன் படத்தால் கற்பிக்கத் துணிந்தார். படத்தில் யானையார் மாம்பழக் கூடையோடு வீற்றிருப்பார். முயலும் குரங்கும் நரியும் வரிசையில் வந்து ஆளுக்கொன்று வாங்கித் தின்னும். பிறகு பிள்ளைகளும் அவ்வாறே செய்து காட்ட, செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து முப்பத்தெட்டு மல்கோவாவை பஸ் கூரையிலேற்றிச் சொந்தச் செலவில் கொண்டுவந்திருந்தார்.

ஜன்னல்களில் கம்பளி தொங்கிற்று. ஆய்வாளர் வருமுன்பே படம் ஓடிற்று. பிள்ளைகள் அடக்கமாகப் பார்த்தார்கள்; கொட்டாவியும் விட்டார்கள். அதுவரை தருமமே வென்றது.

அந்தோ! ஆபரேட்டர் அப்புசாமி, பிலிமைத் திரும்பச் சுற்றுகையில் படக்கருவியின் விளக்கை அணைக்க மறந்தான். மறுகணம் நரி தன் வாயிலிருந்து முழு மாம்பழத்தை எடுத்தது! குரங்கும் எடுத்தது! எல்லாம் பின்னோக்கி நடந்துபோய் யானையின் கூடையிலேயே பழத்தைப் போட்டன! முப்பத்தெட்டுத் தொண்டைகளும் ஒருங்கே வெடித்தன.

"நிறுத்துமய்யா!" என முழங்கினார் வீரர்.

"நிறுத்துனா பிலிம் எரிஞ்சுபோயிருமுங்க சார்!" என்றான் அப்புசாமி.

இனிச் சொல்ல நாக்கூசும். பகைவர் கணைமாரிக்கு மார்பு காட்டிய மன்னவர்போல், வாத்தியார் திரைக்கு முன்னே பாய்ந்து இரு கையும் விரித்து நின்றார். அவருடைய சலவைச் சட்டைமேல் யானை ஏறிற்று; தொப்புளருகே முயல் பின்னோக்கி நடந்தது; குரங்கெடுத்த பழம் அவர் மூக்கில் தோன்றித் தோளில் மறைந்தது. "இன்னொருக்காப் போடுங்க சாமி!" என்று சேனை ஆர்ப்பரித்தது. சேனை கேட்டதை மறுக்கும் நெஞ்சம் அப்புசாமிக்கு இல்லை. மூன்று முறை தலைகீழாக ஓட்டினான். நான்காம் முறைக்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

யானையார் இருந்த திசையிலேயே நாற்காலி நிறைய அமர்ந்தார் வீரபாகு. பக்கத்துக் கூடையிலிருந்து பழத்தைத் தம் கையாலேயே வழங்கினார். பிள்ளைகள் வரிசை கலையாமல் வந்தார்கள், வாங்கினார்கள், கடைசிச் சுவர் வரை போனார்கள். வாத்தியார் மூச்சு விட்டார். அவசரப்பட்டு விட்டுவிட்டார்.

சுவரடியிலிருந்து முப்பத்தெட்டு முதுகுகள் புறப்பட்டன. பின்னோக்கியே நடந்துவந்து, ஒவ்வொருவரும் பழத்தைக் கூடையில் திரும்ப வைத்தார்கள்.

"ஏனம்மா, உனக்கு வேண்டாமா?" என்றார் ஆய்வாளர், முதலில் வந்த ஆராயியிடம்.

"வேணுமுங்க," என்றாள் அவள், பழத்தைப் பார்த்தபடியே. "ஆனாப் படத்துல அப்புடித்தானுங்க சாமி. பழம் பூராத்தையும் பெரியவருகிட்டயே திருப்பிக் குடுத்துப்போடோணுமுங்க."

வீரபாகு எழுந்தார். "இதுவன்றோ பணிவு! இதுவன்றோ கல்வி! இருபதாண்டில் இப்படியொரு வகுப்பை நான் கண்டதில்லை!" என்று பிரகடனம் செய்து பேனாவைத் திறந்தார்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தார் நம் வீரர். பேனா காகிதத்தைத் தொட்டது. ஆறாண்டும் கண்முன் வந்தன. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். அந்த ஒரு போரில் மட்டும் அவர் வாளையே உருவவில்லை. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. வாழ்க சின்னப்பராஜ், வாழ்க கார்ட்டூன் கல்வி, எண்டிசையும் முரசறைக!

கூடையை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்; பிள்ளைகள் யாரும் அன்று மாம்பழம் தின்னவில்லை.