சத்தம் போடாத வயலின்

இசைக்கருவி விற்கும் கடையில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்பது மனித குலம் வெகுகாலமாகப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு வந்த ஒரு குறை. நம் கடைக்காரரின் கடையில் அந்தக் குறைக்குப் பொறுப்பு அவர் மனைவி. எந்த வயலினையும் ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் கட்டிக் கொடுக்க மாட்டாள். அதைக் கேட்பதற்கென்றே கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். அவர்கள் கல்யாணம்கூட அவர் அப்படி வாயைப் பிளந்து நின்றதில் முடிவானதுதான்.

மேல்படிப்பு முடித்த மைத்துனன் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"மாமா, அக்கா வாசிக்கும்போது வந்தவங்க என்ன பண்றாங்க, கவனிச்சீங்களா?"

"கண்ணை மூடிக்கிறாங்க."

"கண்ணை மூடிட்டா மத்த சாமானெல்லாம் எப்படிக் கண்ணுல படும்?"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இத்தனை வருஷம் இது தோணவே இல்லையே!

மறுநாளே பலகை தொங்கியது: 'இங்கு இசைக்கருவிகளை இசைப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' மனைவி சண்டை போடவில்லை. தன் வயலினைப் பெட்டியில் வைத்தாள். "நீங்களா வந்து வாசின்னு கேக்கற வரைக்கும் இதைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாபாரமோ பிய்த்துக்கொண்டு போயிற்று. உலகத்தில் வாசிக்கத் தெரியாதவர்கள்தானே அதிகம்? கூச்சப்பட்டு வாசலோடு போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் உள்ளே வந்து, சோபா நிறத்துக்குப் பொருத்தமாக வயலின் கேட்டார்கள். தந்தியில் தூசி அடைகிறது என்றார்கள். தந்தியில்லாத வயலின் வந்தது. உள்ளே வெறும் பொந்தாக இருக்கிறதே, இது ஏமாற்று வேலை இல்லையா என்றார்கள். முழுக்கட்டையில் வயலின் வந்தது. டிரம்முக்குள் பஞ்சு அடைத்ததும், உட்கார வசதியாக இருக்கிறதென்று வீட்டுக்கு நாலு வாங்கிப் போனார்கள். தெருவுக்குத் தெரு கிளை முளைத்தது. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் கடைக்காரர் மாலையோடு நிற்பார். வீட்டுக்கு வந்தால் பூட்டிய பெட்டியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், தூங்கிவிடுவார்.

ஒருநாள் ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலர் சோதனைக்கு வந்தார். பியானோ ஒன்றை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"சத்தமே வரலையே?"

"வராதுங்க. உள்ள துணி அலமாரி."

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பணிக்காலத்துல இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் பார்த்ததே இல்ல!" கடைக்காரருக்கு 'அமைதிச் செம்மல்' பட்டம் வழங்கப்பட்டது. எல்லா இசைக்கருவிகளும் இனி இந்தத் தரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் பறந்தது.

அங்கேதான் சனியன் பிடித்தது. எதிர்க் கடைக்காரன் சுவரில் ஒட்டிக்கொள்ள வயலின் படம் போட்ட சுவர்த்தாளை விற்க ஆரம்பித்தான். அலுவலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக்கட்டை வயலினைக் கையில் எடுத்துக் கீழே போட்டார். 'டொக்' என்றது.

"பார்த்தீங்களா? சத்தம்!"

"கீழ போட்டா எதுதான் ஐயா சத்தம் போடாது?"

"சுவர்த்தாள் போடலையே."

பட்டம் பறிபோனது. ஊர் முழுக்க சுவர்த்தாளுக்குத் தாவியது. அதற்கு ஆலோசகராக மைத்துனனும் தாவினான். கிளைகள் ஒவ்வொன்றாய் மூடி, கடைசியில் பழைய கடை மட்டும் மிஞ்சியது.

கடைக்காரர் வீட்டுக்கு ஓடினார். "தப்புப் பண்ணிட்டேன்டி. உன் வாசிப்பைக் கேக்காம பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு. வந்து வாசி!"

அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

வாசித்தாள். பாருங்கள், தெருவே கடைக்குள் வந்துவிட்டது! கடைக்காரர் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். யாரும் கண்ணை மூடவில்லை; எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் உருகிப்போய்ச் சொன்னாள்:

"அக்கா, சூப்பர்! வில்லு மட்டும் தந்தியில படாம இதே மாதிரி ஆட்டுங்களேன். வீடியோவுல பாட்டை நாங்க அப்புறம் சேர்த்துக்கறோம். எங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன், ஆளுக்கு ஒரு வயலின் வாங்கிக்கறோம்."

வில் நின்றது. மனைவி கணவனைப் பார்த்தாள். வெளியே போங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நேரத்துக்கும்மா ஆட்டணும்?"

வயலின் பெட்டி 'டொக்' என்று மூடியது.